வயலில் இருப்பது நைரோபி ஈயா?

கேள்வி: பாகூர் அருகே சம்பா பயிரிட்டிருக்கிறோம். இரவில் எறும்பு போன்ற கறுப்பு, ஆரஞ்சு நிறப் பூச்சிகள் விளக்கைத் தேடி வருகின்றன. மகளின் கழுத்தில் கோடாகக் கொப்புளம். பூச்சிமருந்துக் கடைக்காரர், “ஆப்பிரிக்காவின் நைரோபி ஈ, வயல் முழுக்க அடியுங்கள்” என்கிறார். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

நைரோபி ஈ என்பது ஈ அல்ல, வண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பெயர் பெற்றவற்றுள் ஒன்று பீடரஸ் சபேயஸ். நம் நெல் வயலில் காலங்காலமாக வாழ்வது அதன் பங்காளியான பீடரஸ் ஃபுஸ்கிபெஸ். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டவை; கறுப்புத் தலை, ஆரஞ்சு மார்பு, குட்டையான நீலச் சிறகுறை. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே பிரித்தறிய வேண்டும். கைப்பேசிப் படத்தைப் பார்த்து “ஆப்பிரிக்கா” என்பவர் சரக்கு விற்கிறார், அவ்வளவுதான். நஞ்சும் இரண்டிலும் ஒன்றே: பீடரின். 1953இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதை முதலில் பிரித்தெடுத்ததே நம் வயலில் வாழும் ஃபுஸ்கிபெஸிலிருந்துதான்.

இந்த வண்டு, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளான புகையானையும் தத்துப்பூச்சியையும் தின்னும் காவலாளி. அதைக் கொன்றால் புகையான் பெருகும். அதற்கென்று அடுத்த புட்டி வாங்க அதே கடைக்குப் போவீர்கள். மருந்து விற்பவரிடமே ஆலோசனையும் கேட்க வேண்டிய நிலையில் விவசாயியை விட்டுவைத்திருக்கிறோம். வேளாண் அலுவலர் வரப்பில் இறங்கிப் பார்ப்பதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது. எத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்வது!

வண்டு கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. நசுக்கினால்தான் நஞ்சு தோலில் படும். மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் மறுநாள்தான் எழும் என்பதால் பலர் இதை அக்கி என்று நினைத்துக் காவியால் எழுதிக்கொள்கிறார்கள். வேண்டாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். இருட்டியதும் ஜன்னலோர விளக்கை அணையுங்கள், வலை கட்டுங்கள்.

கண் மட்டும் வேறு கதை. வண்டை நசுக்கிய கையால் கண்ணைக் கசக்கினால் இமை வீங்கும், கருவிழியும் புண்ணாகலாம். நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால் விடாதீர்கள். வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். சீட்டு இல்லாமல் மருந்துக்கடை தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கூடவே கூடாது. கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்காமல் அதை விட்டால் பார்வைக்கே ஆபத்தாகலாம். மகள் கண்ணைக் கசக்கினாளா என்று இன்றே கேளுங்கள். ஆம் என்றால் காலைவரை காத்திருக்காமல் புதுச்சேரிக்குப் புறப்படுங்கள்.