சம்மட்டியால் டயர் அடித்து முழங்கை வலி: எடையைவிடப் பிடியைப் பாருங்க

8 கிலோ சம்மட்டியை இப்போதைக்கு ஓரமா வச்சிடுங்க. வலி அடங்கினதும் 3 அல்லது 4 கிலோவில் தொடங்குங்க. மூணு வாரமா உடற்பயிற்சிக்காக லாரி டயரை அடிச்சதில் வலது முழங்கை உட்பக்கம் குத்துதுன்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் மேல் கை, அதாவது சம்மட்டித் தலைப்பக்கம் பிடிக்கிற கை, காம்பில் ஒரே இடத்தில் இறுகி நிற்பதுதான் இதுக்குக் காரணம்.

தூக்கும்போது மேல் கை சம்மட்டித் தலைக்குப் பக்கத்தில் இருக்கணும். இறக்கும்போது காம்பு வழியா வழுக்கி வந்து கீழ்க் கையைத் தொடணும். அடி விழுற நேரத்தில், நழுவாத அளவுக்கு மட்டும் பிடிச்சா போதும். இறுக்கிப் பிடிச்சா டயர் திருப்பித் தர்ற அதிர்ச்சி முன்கைத் தசை வழியா அந்தத் தசைகள் தொடங்குற உள்முழங்கை எலும்புக்கே போகும்.

1. உள்ளங்கை மேல்நோக்க முன்கையை மேசையில் வைங்க. இன்னொருத்தர் உள்ளங்கையை அழுத்த, நீங்க மணிக்கட்டை மடக்கிப் பாருங்க. அதே இடத்தில் வலிச்சா, முன்கைத் தசையை அந்த எலும்போட இணைக்கிற தசைநார்தான் காரணம்.

2. வலி போனபிறகு காம்பு முழுக்கச் சாக்பீஸ் தடவிப் பத்து அடி அடிங்க. தூள் நெடுக அழிஞ்சிருந்தா கை வழுக்குது. மேலே ஒரு சாண் மட்டும் அழிஞ்சிருந்தா கை ஒரே இடத்தில் நிக்குது, அதுதான் கோளாறு. ரப்பர் பூசிய கையுறை போட்டா கை வழுக்கவே வழுக்காது, கழட்டிடுங்க.

பத்து அடிக்கு ஒருமுறை பக்கம் மாத்துங்க. சம்மட்டித் தலை ஆடுதான்னு தினமும் பாருங்க. ஆப்பு தளர்ந்த சம்மட்டியை ஓங்கவே கூடாது.

சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்துப்போனா இது நரம்பு விஷயமா இருக்கலாம். அப்போ பயிற்சியை நிறுத்திட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்க.