லேசான ஆஸ்துமாவிலும் குழந்தை இறக்குமா?

இறக்கலாம். 'லேசானது' என்று மருத்துவர் சொன்ன குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1959 முதல் 1966 வரை 10–14 வயதினரிடையே ஆஸ்துமா மரணம் ஏறக்குறைய எட்டு மடங்கானது. சந்தேகம் ஐசோப்ரினலின் போன்ற நிவாரண இன்ஹேலர்கள்மேல் விழுந்தது. 1968-ல் அவற்றை வாங்க மருந்துச்சீட்டு கட்டாயமானது, மரணங்களும் குறைந்தன.

நிவாரண இன்ஹேலர் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை மட்டுமே தளர்த்தும். உள்ளே வீக்கமும், ரப்பர்போல இறுகி அடைத்த சளியும் அப்படியே இருக்கும். வீக்கத்தை ஆற்றுவது தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர்தான், தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். 200 அழுத்து கொண்ட சல்பூட்டமால் (நிவாரண இன்ஹேலர்) டப்பா வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே எச்சரிக்கை. பன்னிரண்டு என்றால் மரண அபாயம்.

மூச்சுத் திணறலின்போது விசில் சத்தம் நின்று குழந்தை பேச முடியாமல் சோர்ந்தால், காற்றே போகவில்லை. உடனே ஆம்புலன்ஸ்.