மாடிப் போர்ஷன், ஒரு ஸ்கூட்டர், ஒரு தையல் மிஷின்

கேள்வி: ஐயா, எனக்கு 63 வயது. மேற்கு மாம்பலத்தில் சொந்த வீடு. கீழே நான் இருக்கிறேன். மேலே ஒரு படுக்கையறையோடு தனிப் போர்ஷன். கணவர் காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஒரே மகன் புனேயில் வேலை பார்க்கிறான். மாடியை வாடகைக்கு விடலாம் என்று, எங்கள் பகுதியில் வாரந்தோறும் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்தேன். இரண்டு நாளில் நாற்பது போன் வந்தது. பாதிக்கு மேல் தரகர்கள். பக்கத்து வீட்டு மாமி, "சைவக் குடும்பம் மட்டும் என்று போடு" என்கிறார். மகன், "பத்து மாத அட்வான்ஸ் கேள்" என்கிறான். நான் எதிர்பார்க்கும் வாடகை 16,000 ரூபாய்.

அதே இதழில் அவருடைய இரும்பு பீரோ, அவருடைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர், என்னுடைய தையல் மிஷின் மூன்றும் விற்பனைக்கு என்று இன்னொரு விளம்பரமும் கொடுத்திருந்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், பீரோவைப் பார்க்காமலே சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். பணம் அனுப்புவதற்காக என்று போனில் ஒரு படம் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். பயந்து போனை வைத்துவிட்டேன். பாவம், நல்ல மனிதராக இருந்திருப்பாரோ?

கடைசியாக ஒன்று. அதே பக்கத்தில், 'முதிய பெண்மணிக்குத் துணை தேவை, பகல் மட்டும், சம்பளம் நேரில்' என்று ஒரு விளம்பரம் இருந்தது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் போகலாமா? மகனிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
ஒரு வாசகி, சென்னை-33

பதில்: அம்மா, முதலில் அந்த 'ராணுவக்காரர்' விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் நல்ல மனிதர் இல்லை. பழைய பீரோவைத் திறந்து பார்க்காமல், பூட்டு வேலை செய்கிறதா என்று கேட்காமல், ஒரு ரூபாய் கூடப் பேரம் பேசாமல் வாங்குகிறவர் சென்னையில் இன்னும் பிறக்கவில்லை. ராணுவம் என்று சொல்வது நம்மை மரியாதையில் மடக்குவதற்கு. 'வேறு ஊருக்கு மாற்றலாகி வருகிறேன், நேரில் வர முடியாது, பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்' என்பதுதான் இவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை. அவர் அனுப்பிய கட்டம்போட்ட படத்தை நீங்கள் ஸ்கேன் செய்திருந்தால், உங்கள் ரகசிய எண்ணைக் கேட்டிருக்கும். அந்த எண்ணைப் போட்டதும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண்ணைப் போடவும் வேண்டாம். அந்த எண் பணம் கொடுப்பதற்கு, வாங்குவதற்கு அல்ல. நீங்கள் பயந்தது சரி. யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இனி வீடு. உங்கள் விளம்பரத்தின் நறுக்கைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். அதில் உள்ளது இவ்வளவுதான்: 'மேற்கு மாம்பலத்தில் மாடிப் போர்ஷன் வாடகைக்கு. கீழே தனியாக வசிக்கும் மூத்த பெண்மணி. நல்ல குடும்பம் மட்டும். வாடகை நேரில்.' நான் இளவயதில் ஒரு நாளிதழின் விளம்பரக் கவுன்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் தட்டி எண்ணிக் காசு வாங்கியவன். சொல்லுக்குக் காசு என்றதும் மனிதர்கள் எதை வெட்டுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டியதை வெட்டிவிட்டு வேண்டாததை வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

'தனியாக வசிக்கும் மூத்த பெண்மணி' என்பதை இனி எந்த விளம்பரத்திலும் எழுதாதீர்கள். யோக்கியர்களுக்கு அந்தச் செய்தி தேவையில்லை. மற்றவர்களுக்கு அது மட்டுமே தேவை. கதவு எண்ணும் வேண்டாம். தெருப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடு பார்க்க வருகிறவர்களைப் பகலில் வரச் சொல்லி, அந்த நேரத்தில் மாமியையும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

'நல்ல குடும்பம்' என்பதற்குக் காசு கொடுத்தது வீண். தன் குடும்பம் நல்ல குடும்பம் இல்லை என்று நினைத்துப் போன் செய்யாமல் இருந்த ஒருவரையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

'வாடகை நேரில்' என்பதால்தான் நாற்பது போன் வந்தது. பதினாறாயிரம் என்று அச்சில் இருந்திருந்தால், பத்தாயிரம் வைத்திருப்பவரும் அழைத்திருக்க மாட்டார், முப்பதாயிரம் தரத் தயாராக இருப்பவரும் அழைத்திருக்க மாட்டார். விளம்பரத்தில் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றையும் நாற்பது பேரிடம் தனித்தனியாகப் போனில் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே மிச்சம் பிடித்த காசு இங்கே தொண்டையில் போய்விட்டது.

சென்னையில் வீடு தேடுகிறவர் முதலில் கேட்பது தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நள்ளிரவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆகவே மெட்ரோ தண்ணீர் இணைப்பு, சம்ப், போர்வெல் மூன்றில் எவை உண்டு என்று எழுதுங்கள். அடுத்தது மின்சாரம். மாடிக்குத் தனி மீட்டர் உண்டா, அல்லது உங்கள் மீட்டரிலிருந்து துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவீர்களா? தனி மீட்டர் என்றால் அந்த இரண்டு சொல்லுக்கே ஆள் வருவார்கள். பிறகு படி. வெளியே தனிப் படி இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். இரவில் தாமதமாக வீடு திரும்புகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். உங்களுக்கும் தூக்கம் கெடாது. இரு சக்கர வாகனம் நிறுத்த இடம் உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். கடிதத்தில் நீங்கள் சொன்னவற்றையும் உங்கள் பகுதி வீடுகளின் அமைப்பையும் வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன், இல்லாததை அடித்துவிடுங்கள்:

'மேற்கு மாம்பலம். முதல் மாடி, ஒரு படுக்கையறை, தனிப் படி. மெட்ரோ தண்ணீர், போர்வெல். தனி மின் மீட்டர். ஒரு பைக் நிறுத்தலாம். வாடகை 16,000, அட்வான்ஸ் மூன்று மாதம். தரகர் வேண்டாம். பகல் 10 முதல் 12 வரை அழைக்கவும்.'

தரகர் வேண்டாம் என்று போட்டாலும் அழைப்பார்கள், குடிவருகிறவர் போலவே பேசுவார்கள். "குடிவரப் போவது நீங்கள்தானா? எத்தனை பேர்? இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று மூன்று கேள்விகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றாவதில் தடுமாறிவிடுவார்கள்.

மாமி சொன்ன 'சைவம் மட்டும்' பற்றி. வீடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. ஆனால் மாடியில் தனிச் சமையலறை இருக்கிறது; உங்கள் அடுப்பில் அவர்கள் எதையும் வைக்கப் போவதில்லை. அந்த இரண்டு சொல் பெரும்பாலும் சாப்பாட்டைக் கேட்பதற்காகப் போடப்படுவதில்லை, சாதியைக் கேட்காமல் கேட்பதற்காகப் போடப்படுகிறது என்பது கவுன்டரில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும். நான் போட மாட்டேன். மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்துவிட்டு, வாசலில் நீங்கள் தடுக்கி விழுந்தால் ஓடி வருகிற ஒரு நர்ஸோ பள்ளி ஆசிரியையோ உங்களுக்குக் கிடைத்தால் போதும். அவர் என்ன சாப்பிட்டால் என்ன?

மகன் சொல்லும் பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய பழக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் அது 48,000 ரூபாய். ஒப்புக்கொள்ள வைத்துப் பத்து மாதம் வாங்கலாமே என்று மகன் கேட்பார். அந்த 1,60,000 ரூபாயும் உங்கள் பணம் இல்லை, கடன். அவர்கள் காலி செய்கிற அன்று மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். எத்தனையோ வீட்டுக்காரர்கள் அதைச் செலவழித்துவிட்டு, அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கி முந்தையவருக்குக் கொடுக்க அலைவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் வாங்குங்கள். அதையும் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். வாடகையே வேண்டாம், மொத்தமாகச் சில லட்சம் தருகிறேன், லீஸுக்குக் கொடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்குத் தேவை மாதவருமானம், மொத்தக் கடன் அல்ல. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதி மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தால் போதும் என்கிற காலம் போய்விட்டது. பதிவை இணையத்திலேயே செய்யலாம். இந்த வேலையைப் புனேயிலிருந்து மகனே செய்யட்டும், உதவி செய்த திருப்தி அவருக்கும் இருக்கும்.

பொருள்களில் பீரோ எளிது. 'விலை பேசிக்கொள்ளலாம்' என்று போடாமல் எண்ணைப் போடுங்கள், உயரம் அகலம் போடுங்கள், ரொக்கம் கொடுத்து அவர்களே எடுத்துப் போக வேண்டும் என்றும் போடுங்கள். மாடி ஏற்றும் கூலி யார் தலையில் என்ற சண்டையே வராது.

ஸ்கூட்டர்தான் சிக்கல். விளம்பரத்தில் அதை மட்டும் உடனே நிறுத்துங்கள். ஆர்.சி. உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை நீங்கள் யாருக்கும் விற்க முடியாது. முதலில் அது உங்கள் பெயருக்கு மாற வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், மகனின் ஒப்புதல் கடிதம், இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறந்த முப்பது நாளில் தெரிவித்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தாண்டிவிட்டீர்கள், கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்லலாம், கட்டிவிடுங்கள். இன்னொன்று, பழைய பெட்ரோல் சேத்தக் என்றால் வண்டிக்குப் பதினைந்து வயது எப்போதோ முடிந்திருக்கும். பதிவைப் புதுப்பித்திருக்கிறாரா என்று ஆர்.சி.யில் பாருங்கள்.

"ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கொடுங்கள் அம்மா, பெயர் மாற்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பையன் ரொக்கத்தோடு வந்து நிற்பான். கொடுக்காதீர்கள். வண்டி யார் கையில் இருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் நண்பர் ஒருவர் விற்று மறந்த பைக், மூன்று வருடம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கடிதமாக வந்தது. காயலான் கடைக்கே போடுவதானாலும் பதிவை ரத்து செய்யாமல் போடக்கூடாது.

இனி அந்தத் துணை வேலை. கடிதத்தில் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள், கேட்க விரும்பியது இதைத்தான் என்று நினைக்கிறேன். போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். இரண்டு தெரு தள்ளி வேலை என்பது எவ்வளவு பெரிய வசதி! பகுதிப் பத்திரிகையின் பெருமையே அதுதான்; விளம்பரம் கொடுத்தவரின் வாசலை நடந்து போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் 'துணை' என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கும். பேச்சுத் துணையா, பணிவிடையா? பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டுமா, டயப்பர் மாற்ற வேண்டுமா, சமையல் அந்த அம்மாவுக்கு மட்டுமா, வீட்டுக்கே சேர்த்தா? உங்கள் முதுகு அறுபத்து மூன்று வருட முதுகு. தூக்கும் வேலை என்றால் அதே இடத்தில் மறுத்துவிடுங்கள். 'சம்பளம் நேரில்' என்பதை அவர்களும் உங்களைப் போலவே போட்டிருக்கிறார்கள். உங்கள் தேவை எவ்வளவு என்று முகத்தைப் பார்த்து எடை போடத்தான். போகும் முன்பே ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்டதும் சொல்லுங்கள். காலை பத்தரை மணி வாக்கில் போங்கள். அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் அந்த அம்மாவிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று கேட்டால், உங்களிடம் எந்தக் குரலில் பேசுவார்கள் என்று தெரிந்துவிடும். அதே பக்கத்தில் வரும் 'வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம், பதிவுக் கட்டணம் மட்டும் போதும்' வகையறாவைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் தர வேண்டும், நாம் அவருக்கு இல்லை.

மகனிடம் சொல்வதைப் பற்றி: அனுமதி கேட்காதீர்கள், செய்தியாகச் சொல்லுங்கள். "திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்" என்றால் அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒன்று கவனித்தேன். பீரோவையும் ஸ்கூட்டரையும் 'அவருடைய' என்று எழுதிய நீங்கள், தையல் மிஷினை மட்டும் 'என்னுடைய' என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய மிஷினுக்கு எவரும் பெரிய விலை தரப் போவதில்லை. எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டு, துணை வேலை சரிப்படாவிட்டாலும் கைவசம் இருக்கட்டும் என்று இதைக் கொடுங்கள்: 'புடவைக்கு ஃபால்ஸ், ஓரம் அடித்துத் தரப்படும். ரவிக்கை பிரித்துத் தைக்கப்படும். மாலை 5 முதல் 7 வரை. ஞாயிறு விடுமுறை.' கடைசி இரண்டு சொல்லைக் காசு மிச்சம் பிடிக்க வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் எல்லாரும் அன்றைக்குத்தான் வருவார்கள்.