மூடும் பட்டனைத் தேட விடாதீர்கள்

கேள்வி: வீட்டுத் தோட்டம் பற்றி ஓர் இணையதளம் நடத்துகிறேன். மின்னிதழுக்கு ஆள் சேர்க்க, பக்கம் திறந்த மூன்றாவது நொடியில் வருவது போல ஒரு பாப்-அப், அதாவது பக்கத்தை மறைத்து எழும் பெட்டி, வைத்தேன். பதிவு செய்பவர்கள் கூடியிருக்கிறார்கள், திட்டி வரும் மெயிலும் கூடியிருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், முதலில் நேரத்தை மாற்றுங்கள். ரோஜா இலையில் கறுப்புப் புள்ளி ஏன் வருகிறது என்று தேடி வந்தவர் மூன்று நொடியில் தலைப்பைக்கூட முழுசாகப் படித்திருக்க மாட்டார், அதற்குள் 'எங்களோடு இணையுங்கள்' என்றால் நீங்கள் யார், எதற்கு இணைய வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றும். கட்டுரையில் முக்கால்வாசியாவது உருட்டி வந்த பிறகோ, இரண்டாவது பக்கத்தைத் திறந்த பிறகோ கேளுங்கள். கேட்பதும் அந்தப் பக்கத்துக்குப் பொருந்தட்டும்: ரோஜா நோய் பற்றிப் படித்தவரிடம் 'செடி நோய்களும் மருந்தும், ஒரே பட்டியலாக மெயிலில் அனுப்பட்டுமா?' என்று கேட்டால் அது அவருக்கு வேண்டிய பொருள்.

அப்புறம் மூடும் பட்டன். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸுக்கு ஒரு பெருக்கல் குறி வைப்பதெல்லாம் தந்திரமே தவிர வடிவமைப்பு இல்லை. 2023-இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, டபிள்யூசிஏஜி 2.2, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது. என்னைக் கேட்டால் கட்டைவிரலுக்கு அதுவும் சின்னதுதான், இரண்டு மடங்காக வையுங்கள். எஸ்கேப் கீயை அழுத்தினாலும், பெட்டிக்கு வெளியே தொட்டாலும் மூட வேண்டும். மறுக்கும் பட்டனில் 'வேண்டாம், என் செடிகள் வாடினாலும் பரவாயில்லை' என்று நக்கலாக எழுதும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், 'வேண்டாம்' போதும்.

ஒரு முறை மூடியவரிடம் ஒரு மாதமாவது மறுபடி கேட்காதீர்கள். இதற்கு ஒரு குக்கி (வந்தவரின் பிரவுசரில் தளம் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பு) போதும், ஆனால் அதை பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் எழுதினால் சஃபாரி பிரவுசர் 7 நாளில் அழித்துவிடும். ஐபோன்காரர்களிடம் நீங்கள் வாராவாரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கே தெரியாது. தளம் இயங்கும் கணினியான சர்வர் வழியாக எழுதச் சொல்லுங்கள். இதைவிட எரிச்சலான ஒன்று, ஏற்கெனவே பதிவு செய்தவரிடமே திரும்பக் கேட்பது. மின்னிதழில் உள்ள ஒவ்வொரு இணைப்பின் வாலிலும் ஓர் அடையாளம் சேர்த்து, அது வழியாக வருபவருக்கு பாப்-அப் வராமல் செய்துவிடலாம், அரை மணி நேர வேலை.

இதையெல்லாம் செய்தால் பதிவு எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம், பதற வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் பாப்-அப் காட்டி, இரண்டு கூட்டத்திலும் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள், பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் முதல் இரண்டு இதழுக்குள்ளேயே விலகினார்கள் என்றும் பாருங்கள். பெட்டியை மூடினால் போதும் என்று ஏதோ ஒரு மெயில் முகவரியைத் தட்டிவிட்டுப் போனவர்களும் உங்கள் எண்ணிக்கையில் சேர்ந்திருப்பார்கள்.

கேள்வி: பாப்-அப் வைத்தால் கூகுள் தேடலில் பின்னுக்குத் தள்ளிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மொபைலில், ஆமாம். 2017 ஜனவரி 10 முதல், தேடலிலிருந்து வருபவருக்கு உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டியைக் காட்டும் பக்கங்கள் கீழே இறங்கலாம் என்று கூகுள் சொல்லிச் செய்தது. வந்தவுடன் மறைத்தாலும் சரி, படித்துக்கொண்டிருக்கும்போது மறைத்தாலும் சரி, குற்றம் ஒன்றுதான். ஆகவே மேலே உள்ள வாசகருக்குச் சொன்ன நேரக் கணக்கு மட்டும் மொபைலில் காப்பாற்றாது, அங்கே திரையின் அடியில் ஒரு மெல்லிய பட்டையாக வைப்பதுதான் பாதுகாப்பு. குக்கி ஒப்புதல், வயது சரிபார்ப்பு போல சட்டம் கேட்பவற்றுக்கு விலக்கு உண்டு. இது தரவரிசையைத் தீர்மானிக்கும் பல விஷயங்களில் ஒன்று மட்டுமே என்பதால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய அடி வேறு இடத்தில் விழும். 2018 பிப்ரவரி 15 முதல் குரோம் பிரவுசர், எந்த விளம்பரங்கள் எரிச்சலூட்டுபவை என்று பட்டியலிடும் 'பெட்டர் ஆட்ஸ்' தரத்தைத் தொடர்ந்து மீறும் தளங்களில், மீறிய விளம்பரத்தை மட்டுமல்ல, எல்லா விளம்பரங்களையும் தடுக்கிறது. பாப்-அப் விளம்பரம், தானே சத்தத்தோடு ஓடும் வீடியோ, திரையில் 30 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் விளம்பரத்தை பாப்-அப்புக்குள் போடவே கூடாது, கணக்குக்கே ஆபத்து.

கேள்வி: இந்த பாப்-அப்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

பதில்: ஈதன் சக்கர்மேன். 1990-களில், பயனர்கள் தாங்களே பக்கம் உருவாக்கிக்கொள்ளும் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்தார். பயனர்கள் உருவாக்கிய ஓர் ஆபாசப் பக்கத்தில் தன் விளம்பரம் வந்ததைப் பார்த்து ஒரு கார் நிறுவனம் பதற, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும் நிரலை எழுதிக் கொடுத்தார். 2014-இல் 'தி அட்லாண்டிக்' இதழில் மன்னிப்பும் கேட்டுவிட்டார், ஆகவே விட்டுவிடுவோம்.

கேள்வி: தளத்தை விட்டு வெளியேறும்போது மட்டும் பாப்-அப் காட்டுகிறேன். கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது, மொபைலில் சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கம்ப்யூட்டரில் கர்சர் திரையின் மேல் விளிம்பை நோக்கிப் போவதைப் பார்த்துத்தான் அந்த நிரல் 'கிளம்பப் போகிறார்' என்று ஊகிக்கிறது. மொபைலில் கர்சரே கிடையாது. அதனால் சிலர் பின்செல்லும் பட்டனை மடக்கிப் பிடித்து, அதை அழுத்தினால் பெட்டி வரும்படி செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம்: போகிறவரைக் கதவில் மறிப்பது ஒரு பக்கம், இந்தத் தந்திரம் பிரவுசரின் வரலாற்றில் ஒரு பக்கத்தைத் திருட்டுத்தனமாக நுழைத்துத்தான் நடக்கிறது, பயனர் எதையும் தொடாமலே அப்படி நுழைக்கப்பட்ட பக்கங்களை குரோம் தாண்டிப் போய்விடுவதால் அது பாதி நேரம் பலிக்காது என்பது இன்னொரு பக்கம். மொபைலில் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டு, அதே வாசகத்தைக் கட்டுரை முடியும் இடத்தில், அடுத்த கட்டுரைக்கான இணைப்புகளுக்கு மேலே, ஒரு சாதாரணப் படிவமாக வையுங்கள்.