ரோடு காலியாக இருந்தால் மிதிக்கலாமா?

கேள்வி: ரோடு காலியாக இருக்கும்போது 60-ல் போக வேண்டிய இடத்தில் 80-ல் போனால் என்ன? பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?

பதில்: பிரேக் பிடிப்பதற்கு முன்பே பாதி தூரம் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். 60-ல் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. எண்பதில் வருபவர் அதே 45-வது மீட்டரில் நிற்கவே மாட்டார். அங்கே அவர் வேகம் இன்னும் 65 கிலோமீட்டர் இருக்கும். குறுக்கே வந்த குழந்தைக்கு அது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரோடு நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இத்தனைக்கும், 20 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சமாவது ஐந்தே நிமிடம், அதுவும் வழியில் எங்கும் நிற்காமல் போனால்.

கேள்வி: நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வந்த பிறகும் என்னையறியாமல் வேகமாகவே போகிறேன். ஏன்?

பதில்: அரை மணி நேரம் நூறில் ஓட்டிய கண்ணுக்கு 60 என்பது ஊர்வது போலத் தெரியும். இந்த விஷயத்தில் உங்கள் உணர்வை நம்பவே நம்பாதீர்கள், ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஊர் எல்லைக்கு முன்பே காலை எடுத்து, ஒரு கியர் குறையுங்கள். இன்ஜின் சத்தம் கூடுவதால் வேகம் காதில் விழும். வண்டியில் வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அவருக்காக நீங்கள் மிதிக்காதீர்கள்.