ஆசியான் ஒப்பந்தம்தான் எங்கள் மிளகு விலையைச் சாய்த்ததா?

கேள்வி: ஆசியான் (வியட்நாம், இந்தோனேசியா போன்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளோடு இந்தியா போட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்தான் கேரளாவின் இடுக்கி மலை மாவட்டத்து மிளகு விவசாயிகள் நொடித்துப்போகக் காரணமா?

அநேகமாக நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிப்பவர். "ஆமாம்" என்று எழுதிவிட்டுப் போனால் மதிப்பெண் கிடைத்துவிடும். நான் அந்த ஒப்பந்தத்துக்கு எதிராக நடுரோட்டில் கைகோத்து நின்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும்.

எங்கள் அப்பா தமிழ்நாட்டுக் கம்பம் ஊரிலிருந்து இடுக்கிக்கு மலையேறி வந்தவர். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக்கொடி. ஏலக்காய்க் காசு கூலிக்கும் உரத்துக்கும் போகும், மிளகைக் கல்யாணம் காட்சிக்கு வைத்திருப்போம். நன்றாகக் காயவைத்துச் சாக்கில் கட்டிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது என்பதால் அதுதான் எங்களுக்குச் சேமிப்பு.

ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-இல் பாங்காக்கில் கையெழுத்தானது. அந்த அக்டோபர் 2 அன்று, அப்போது கேரளாவில் ஆட்சியில் இருந்த இடதுசாரிகள் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தினார்கள். மலையிலிருந்து பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள், ஆலப்புழாப் பக்கம் நெடுஞ்சாலையில் நின்றேன். ஒரு பக்கம் மீன்பிடிக்கிற ஒரு சேட்டன், இன்னொரு பக்கம் கயிறு திரிக்கிற ஒரு சேச்சி. சேட்டனுக்கு வெளிநாட்டு மீன் வந்து இறங்கிவிடும் என்று பயம், எனக்கு வியட்நாம் மிளகு. அந்த சேச்சிக்கு என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. (உடனே ஒருவர் வந்து "நீ கட்சிக்காரன்தானே" என்பார். இல்லை. பஸ் வந்தது, பயம் இருந்தது, போனேன்.)

வீட்டுக்கு வந்தபின் விவரம் தெரிந்தவர் ஒருவர் ஒப்பந்தப் பட்டியலைக் காட்டினார். ரப்பரை வரிக்குறைப்பிலிருந்தே தள்ளி வைத்திருந்தார்கள். மிளகு, காப்பி, தேயிலை, பாமாயில் இவையெல்லாம் தனிப் பட்டியல். மிளகுக்கு 70 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி ஒரேயடியாக இறங்காது, வருஷத்துக்கு இரண்டு சதவீதமாக இறங்கி 2019 கடைசியில் 50-இல் நிற்கும். "பாதி விலை வரியாகக் கட்டி எவன் கொண்டுவருவான்?" என்றார். கைகோத்து நின்ற கைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

உண்மையும் அதுதான். 2010-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு மிளகு விலை விழவில்லை, ஏறியது. 2016-இல் கட்டப்பனையில் நான் வழக்கமாகப் போடும் மலஞ்சரக்குக் கடையில் (மிளகு, ஏலம் மாதிரி மலை விளைச்சலை வாங்குகிற கடை) கிலோ 690-க்குக் கேட்டார்கள். என்னிடம் எட்டுச் சாக்கு, 480 கிலோ. கடைக்காரர் மலையாளி, பல வருஷப் பழக்கம். "இப்பக் கொடுத்துடுங்க அண்ணா, மேல போற மாதிரி தெரியல" என்றார். வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். ஆயிரம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாக முடிவு செய்துகொண்டேன்.

2018-இல் மகள் கல்யாணத்துக்கு அதே எட்டுச் சாக்கை 360-க்குப் போட்டேன். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் போனது. அந்த ஆகஸ்டில் பெய்த மழையில் வாட்ட நோய் வந்து பாதிக் கொடி செத்தது தனிக் கதை.

சரி, வரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது விலை எப்படிச் சாய்ந்தது? கடைக்காரரிடம் கேட்டேன். பேசாமல் மேசைமேல் இரண்டு கைப்பிடி மிளகைப் போட்டார். ஒன்று கறுகறுவென்று ஒரே அளவு, கையில் எடுத்தால் கனம். இன்னொன்று நம்முடையது, சின்னதும் பெரிதுமாக, மணம் மட்டும் மூக்கில் ஏறும். முதலாவது வியட்நாம் சரக்கு என்றார். "எந்த வழியா வந்துச்சு?" "கொழும்பு."

இதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். இலங்கை ஆசியானில் இல்லை. அதோடு நமக்குத் தனி ஒப்பந்தம், 1998-இல் போட்டு 2000 மார்ச்சில் அமலானது. அதன்படி வருஷத்துக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தில் எட்டு சதவீத வரிதான். உலகத்திலேயே அதிகமாக மிளகு விளைவிக்கிற வியட்நாமின் சரக்கு நேராக வந்தால் அப்போது ஐம்பது சதவீதத்துக்கு மேல் வரி, இலங்கையில் விளைந்தது என்று ஒரு பிறப்பிடச் சான்றிதழ் ஒட்டிவிட்டால் எட்டு. நீங்கள் வியாபாரியாக இருந்தால் எந்தக் கப்பலில் ஏற்றுவீர்கள்? இலங்கையிலும் நல்ல மிளகு விளைகிறது, அந்த விவசாயிகளைக் குறை சொல்லவில்லை. இடையில் நிற்கிறவர்களைச் சொல்கிறேன்.

அரசாங்கம் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. மறுவருஷம் அதற்குக் கீழே இறக்குமதி செய்யவே தடை. பில்லில் மட்டும் 500-க்கு மேல் எழுதிக்கொண்டு சரக்கு வருகிறது என்று கடைக்குக் கடை பேச்சு. கல்யாணத்துக்கு நான் வாங்கிய 360 அந்த உத்தரவுக்குப் பிறகு வாங்கியதுதான்.

எங்கள் அக்கா கம்பத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் ரேஷன் பாமாயில்தான் தாளிக்க. அதுவும் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வருவதுதான், அதே ஒப்பந்தத்துத் தனிப் பட்டியலில் மிளகுக்குப் பக்கத்தில் இருப்பது. "உன் மிளகுக்காக நான் கடலையெண்ணெய் வாங்கணுமாடா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒப்பந்தமே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வேறு ஒரு விஷயத்தில். வாட்டத்துக்குப் பிறகு கொடி திரும்ப நட வங்கிக் கடன் கேட்டேன். என் ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், தமிழ்நாட்டு வழக்கம். கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் மலையாளத்தில் பெயருக்குப் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று கொண்டுவா என்றார்கள். சான்று கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் மனுவை மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்றார்கள். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், மலையாளம் பேசுவேன், எழுத வராது. ஏழு மாதம். கப்பலில் வருகிற மிளகு எங்கே பிறந்தது என்று ஒரு காகிதத்தைக் காட்டினால் நம்புகிறார்கள், எனக்கு மட்டும் எத்தனை காகிதம் காட்டினாலும் பற்றவில்லை.

இந்த ஆசியான் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதப் பேச்சுவார்த்தை நடக்கிறது. வரியை இன்னும் கொஞ்சம் ஏற்று என்று எங்கள் பக்கத்தில் கூட்டம் போடுகிறார்கள். போன கூட்டத்தில் நான் எழுந்து பிறப்பிடச் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். "அது இலங்கை சமாச்சாரம், இன்னைக்கு ஆசியான் மட்டும்தான்" என்று உட்காரவைத்துவிட்டார்கள்.