வாசகர் கேள்வி – பதில்: ஈரக் காலணியும் கெண்டைக்கால் வலியும்

கேள்வி: என் மகனுக்கு வயது 19. தோட்டத்தில் வளர்ந்தவன், இராணுவத்தில் சேர்ந்து மூன்றாம் மாதப் பயிற்சியில் இருக்கிறான். அண்மைய வெள்ளத்தின்போது அவனுடைய அணியை மணல் மூட்டை கட்டவும், துயர் துடைப்பு மையத்தில் சாமான் ஏற்றி இறக்கவும் அழைத்துச் சென்றார்களாம். ஒன்பது நாள் அவனிடமிருந்து அழைப்பே இல்லை. பிறகு பேசியபோதும், "கால் எரியுதும்மா" என்றதோடு சரி. இந்த வயதுப் பிள்ளைகளை இப்படி வேலை வாங்கலாமா?
– ஒரு தாய், லாபிஸ்

பதில்: சகோதரி, வெள்ளத்தைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் உங்கள் ஜொகூர் மாநிலச் சிகாமட் வட்டாரம் இரு முறை மூழ்கியபோதும், 2023 மார்ச்சில் மீண்டும் தண்ணீர் ஏறியபோதும், இராணுவ லோரியிலிருந்து குதித்து இறங்கியவர்களில் உங்கள் மகன் வயதுப் பையன்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வேலை வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் வேலை முடிந்த பின் கால் உலர நேரம் தராமல் மீண்டும் சேற்றில் இறக்குவது தவறு.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் இரவு காலணியைக் கழற்றியபோது பாதம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. காலுறையை உரித்தபோது குதிகால் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அருகிலிருந்த எல்லோருக்கும் அப்படியே இருந்ததால் எவரும் வாய் திறக்கவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த அணியோடு சேர்த்து, பயிற்சியை மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்கு. உங்கள் மகன் அம்மாவிடம் இரண்டே சொல்லில் நிறுத்திக்கொண்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இரவில் காலைக் கழுவித் துடைத்து, காலணியில்லாமல் எட்டு மணி நேரமாவது உலரவிட்டால் அந்த எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது காய்ச்சல்தான். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளநீர் காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் சென்றுவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே காய்ச்சலும் கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் தோன்றும். நாள்தோறும் ஓடும் பயிற்சி வீரனுக்குக் கெண்டைக்கால் வலிப்பது புதிதா என்ன? ஓட்டத்தால் வந்த வலி என்று நினைத்து இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவன் மறுநாளும் வரிசையில் நிற்பான். 2010இல் பகாங் மாநிலம் லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் ஈடுபட்டவர்களுக்கு இந்த எலிச் சிறுநீர் நோயோடு, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் தொற்றியது. அவர்களில் சிலர் அதில் உயிரிழந்தனர்.

ஆகவே அடுத்த முறை அழைக்கும்போது, "சாப்பிட்டாயா?" என்பதோடு, காய்ச்சல் அடிக்கிறதா, காலில் ஆறாத புண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்று இருந்தாலும், அன்றே முகாம் மருத்துவரிடம் போய், வெள்ளநீரில் நின்று வேலை செய்ததைத் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிட இடமுண்டு. பயிற்சியை விட்டு வரச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அதற்குள் போகவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பள்ளி மண்டபத்தில் வேலை செய்த பயிற்சி வீரர்களுக்கு நாங்கள் பொட்டலம் பொட்டலமாக நாசி லெமாக் கொடுத்தோம். வேறு என்ன கொடுத்திருக்கலாம்?
– ஒரு வாசகர், பகாவ்

பதில்: சோறு எப்படியும் வந்து சேர்ந்துவிடும். உலர்ந்த காலுறையும் கால் பவுடரும் கொடுங்கள். முடிந்தால், மண்டபத்தின் ஒரு மூலையில் மின்விசிறியைத் தரையை நோக்கித் திருப்பி வைத்து, இரவில் அவர்களுடைய காலணிகளை, கயிற்றுக்கு அடியிலுள்ள நாக்குப் பகுதியை வெளியே இழுத்து, அந்த விசிறியின் முன் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.